கியர் வண்டி

எங்கள் பழைய கார் கடைசியாக நின்றது ஆலங்குடி ரோட்டில், தைலமரக் காட்டுக்கு நடுவில். பங்குனி மாதம், சனிக்கிழமை, காலை பத்தரை மணி. என் வீட்டுக்காரரைப் பிசியோதெரபிக்காகப் புதுக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். முதலில் ஒரு கருகல் வாடை வந்தது. பிறகு எஞ்சின் சத்தம் மட்டும் கூடியது, வண்டி நகரவில்லை. கிளட்ச் போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது. அந்த வண்டியில் போகாமல் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

பதினாலு வருஷத்து வண்டி. ஏசி நின்று நாலு வருஷம். ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும். இடது பக்கக் கதவை வெளியிலிருந்து மட்டும்தான் திறக்க முடியும். இதையெல்லாம் சரி பண்ணலாம் பண்ணலாம் என்று இருந்தவளுக்கு அன்றைக்குத்தான் சரியான பாடம் கிடைத்தது.

மெக்கானிக்குக்கு போன் போட்டேன். ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொன்னார். தைலமரத்துக்கு நிழல் என்று ஒன்று கிடையாது. இருக்கிறது என்று நினைத்து நின்றால் வெயில் இலை வழியாக ஒழுகும். இரண்டு பஸ் போனது. பஸ் படிக்கட்டில் அவரை ஏற்ற முடியாது. கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவர் இடது கையால் டாஷ்போர்டைத் தட்டினார். அது எதற்கான தட்டு என்று எனக்குத் தெரியும். இறங்கி ஓடி, சுற்றி வந்து, வெளியிலிருந்து கதவைத் திறந்து, அவருடைய வராத காலைத் தூக்கி வெளியே வைப்பதற்குள் வேட்டி நனைந்துவிட்டது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் மடியில் முழுசாகக் கவிழ்த்தேன். மெக்கானிக் வந்ததும், அவர் கேட்பதற்கு முன்னாலேயே, "பாட்டில் கவுந்துருச்சுப்பா, வேட்டியெல்லாம் நனைஞ்சு போச்சு" என்று சத்தமாகச் சொன்னேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன். மெக்கானிக் தலை குனிந்துகொண்டார்.

போனட்டைத் திறந்து பார்த்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "டீச்சரம்மா, சரி பண்ணிக் குடுத்தா இன்னும் ஓடும். ஆனா எந்த எடத்துல நிக்கும்னு நான் சொல்ல முடியாது. அய்யாவ வச்சுக்கிட்டு ஓட்டுற வண்டி இல்லம்மா இது."

அன்றைக்குப் புது வண்டி வாங்குவது என்று முடிவு செய்தேன்.

அவருக்குப் பக்கவாதம் வந்து அப்போது இரண்டு வருஷம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. கால் கொஞ்சம் திரும்பி வந்தது. தடி ஊன்றி இழுத்து இழுத்து நடப்பார். பதற்றம் வந்தால் மட்டும் அந்தக் கால் உலக்கை மாதிரி விறைத்துக்கொள்ளும். கை வரவே இல்லை. தோளிலிருந்து துணி மாதிரித் தொங்கும். பேச்சில் ஐந்து வார்த்தை மிஞ்சியது: ஆமா, வேணாம், தண்ணி, போ, சனியன். நாம் பேசுவது எல்லாம் அவருக்கு நன்றாகப் புரியும். பதில்தான் வராது. வருகிற பதிலும் பாதி நேரம் சனியன்தான். முப்பது வருஷம் கடையில் நின்று, பேசிப் பேசியே பைப்பும் மோட்டாரும் விற்ற மனுஷனுக்குக் கடவுள் விட்டுவைத்த சொத்து அது. எனக்குக் கடவுள் மேல் கோபம் வருவது பெரிய காரியங்களுக்காக இல்லை, இந்த மாதிரி நக்கலுக்காகத்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "டீச்சர், இனிமே அவுங்களால வண்டி ஓட்ட முடியாது. அத மறந்துற வேண்டியதுதான். நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். ஆனால் சொல்லவில்லை. கடையை அவருடைய தம்பியிடம் விட்டாயிற்று. சாப்பாட்டை நான் ஊட்டுகிறேன். சட்டைப் பித்தானை நான் போடுகிறேன். இதையும் நானே சொல்ல வேண்டுமா என்று இருந்தது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'உண்மை பேசு' என்று போர்டில் எழுதிப் போடுகிறவள் நான்.

அவரோ என்றைக்காவது ஓட்டிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருப்பதாக நான் நினைத்தேன். பிசியோதெரபி பெண் கொடுத்த ரப்பர் பந்தை வலது உள்ளங்கையில் வைத்து, இடது கையால் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மடக்கி, சாயங்காலம் முழுவதும் உட்கார்ந்திருப்பார். கியரைப் பிடிக்கத்தான் இந்தப் பாடு என்று எனக்குத் தோன்றும். பார்க்க முடியாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

வண்டி ஓட்ட நான் கற்றுக்கொண்டது அவர் படுத்த பிறகுதான். அதற்கு முன்னால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "ஒனக்கு எதுக்கு அதெல்லாம்? நான் இருக்கேன்ல" என்பார். ஐம்பத்தோரு வயதில், காலேஜ் பெண்களோடு வரிசையில் நின்று, புதுக்கோட்டை டிரைவிங் ஸ்கூலில் படித்தேன். லைசென்ஸ் வாங்கி வந்து, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து முதல் தடவை ஓட்டிய அன்று ஆறு இடத்தில் வண்டியை அணைத்துவிட்டேன். ஆறு தடவையும் சனியன் வாங்கினேன். அதில் ஐந்து எனக்கு, ஒன்று வண்டிக்கு என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

அந்த வண்டியில் எனக்குப் பெரிய தொல்லை எஞ்சின் இல்லை, அவருடைய கை. டிரைவருக்கு இடது பக்கம் அவர் உட்கார்ந்தால், அந்த வராத வலது கை என் பக்கம் வரும். ரோடு குலுங்கக் குலுங்க அது மடியிலிருந்து சரிந்து கியர் மேல் வந்து விழும். ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் அதைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டுத்தான் கியரைப் பிடிக்க வேண்டும். வேகத்தடை வந்தால் ஒரு தடவை, மாடு குறுக்கே வந்தால் ஒரு தடவை, பஸ் ஸ்டாண்டு நெரிசலில் நிமிஷத்துக்கு ஒரு தடவை. ஊரிலிருந்து புதுக்கோட்டை போய்ச் சேருவதற்குள் முப்பது தடவையாவது தூக்கி வைப்பேன். சில நாள் மெதுவாக வைப்பேன். எரிச்சல் வந்த நாளில் தூக்கிப் போடுவேன். "எடது கை நல்லாத்தான இருக்கு, அதால இதக் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டா என்ன?" என்று கத்தியும் இருக்கிறேன். பிடித்துக்கொள்ள மாட்டார். ஒரு வார்த்தைகூடத் திட்டாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவார்.

புது வண்டி என்றதும் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஸ்டாஃப் ரூமில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக் காரைத்தான் சொன்னார்கள். மைத்துனர், பெரிதாக வாங்குங்கள், மரியாதையாக இருக்கும் என்றார். யாருக்கு மரியாதை என்று நான் கேட்கவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீடியோ காலில் வந்தான். "அம்மா, ஆட்டோமேட்டிக் எடு. கியர் கெடையாது, கிளட்ச் கெடையாது. ஒனக்குத் தோள்வலியும் கொறையும். அப்பா பாட்டுக்குப் பின்னாடி சாஞ்சுக்கிட்டு வரட்டும்" என்றான். நல்ல பிள்ளைதான், சொன்னதும் சரிதான். போனை நான் கையில் பிடித்திருந்தேன், பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். மகன் சொல்லி முடித்ததும், "வேணாம்" என்றார்.

எதை வேண்டாம் என்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டதாகவே நினைத்தேன். ஆட்டோமேட்டிக் வாங்கினால், இனி ஓட்டப்போகிறவள் நான் மட்டும்தான் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்வதாகும். இரண்டு வருஷமாக நான் சொல்லாமல் மறைத்ததை ஒரு வண்டி போட்டு உடைத்துவிடும். கியர் வண்டி வாங்கினால் இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போகலாம். ஆனால் என் தோளும் முழங்காலும் போய்க்கொண்டிருந்தன. நானும் படுத்துவிட்டால் அவரை யார் தூக்கி வைப்பது?

வீட்டில் அவர் யாருடைய உதவியும் இல்லாமல் எழுந்திருக்கிற ஒரே இடம் கட்டில். அதனால் தையல் டேப்பை எடுத்துக் கட்டிலின் உயரத்தை அளந்தேன். இருபத்தோரு அங்குலம். அந்த டேப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு புதுக்கோட்டையில் ஷோரூம் ஷோரூமாகப் போனோம். சேல்ஸ்மேன்கள் மைலேஜைப் பற்றியும் பாட்டுப் பெட்டியைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும்போது, நான் குனிந்து தரையிலிருந்து சீட்டு வரைக்கும் டேப்பைப் பிடிப்பேன். ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

முதல் ஷோரூமில் பார்த்த வண்டி அழகாக இருந்தது, ஆனால் தரையோடு தரையாக இருந்தது. அவர் உட்கார்ந்தார். எழுந்திருக்க மூன்று பேர் தேவைப்பட்டது. இரண்டாவது ஷோரூமில், மைத்துனர் சொன்ன மரியாதை வண்டி. ஏறுவதற்கே படி வைத்திருந்தார்கள். அவர் அந்தப் படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "போ" என்றார். மூன்றாவது ஷோரூமில் ஒரு வெள்ளை வண்டி. டேப் சரியாக இருபத்தோரு அங்குலத்தில் நின்றது. அவர் தடியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தானே உட்கார்ந்து, தானே எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த களையைப் பார்த்ததும் டேப்பைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டுவிட்டேன்.

அந்த வண்டி இரண்டு விதமாகவும் வருகிறது. கியர் வைத்தது ஒன்று, ஆட்டோமேட்டிக் ஒன்று. இரண்டும் அங்கேயே பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அவர் கியர் வண்டியில் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் டிரைவர் சீட்டில் ஏறியதும், இடது கையால் தன் வலது கையைத் தூக்கி கியர் மேல் வைத்தார். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"சாருக்குக் கியர் வண்டிதான் பிடிச்சிருக்கு போல, மேடம்" என்றார் சேல்ஸ்மேன்.

"ஆமா" என்றார் அவர். தெளிவாக, அழுத்தமாக.

நான் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்தேன். இரண்டு வண்டியையும் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். ஆட்டோமேட்டிக்கில் திருச்சி ரோடு வரை போய்த் திரும்பினேன். வழக்கம் போல அவர் கை சரிந்து, நடுவில், கியர் இருக்க வேண்டிய இடத்தில் நிற்கும் கம்பி மேல் வந்து விழுந்தது. அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத் தொட வேண்டிய வேலையே இல்லை. அது பாட்டுக்கு அங்கே கிடந்தது, வண்டி பாட்டுக்கு ஓடியது. அப்பாடா என்று இருந்தது. இந்த 'அப்பாடா'வை நான் மறைக்க விரும்பவில்லை.

ஷோரூமுக்குத் திரும்பியதும் சேல்ஸ்மேனைத் தனியாகக் கூப்பிட்டு, ஆட்டோமேட்டிக்கையே புக் பண்ணச் சொன்னேன். பிறகு அவரிடம் வந்து, "என்னங்க, கியர் வண்டி வர எட்டு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் பழசு தாங்காது. ஆட்டோமேட்டிக்குன்னா பதினஞ்சு நாள்ல தாராங்களாம்" என்றேன். சேல்ஸ்மேன் பக்கத்தில் நின்று, "ஆமா சார், கியர் வண்டிக்கு செம டிமாண்டு" என்று தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். என்னை நம்பினார். அதுதான் எனக்கு வலித்தது.

சித்திரையில் ஒரு நல்ல நாள் பார்த்து டெலிவரி எடுக்கப் போனோம். எங்கள் வண்டிக்கு ரோஜா மாலை போட்டு, பட்டுத்துணி போர்த்தி நிறுத்தியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் அதே மாடல், அதே வெள்ளை, அதே மாலை. அதில் ஒரு இளம் தம்பதி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையன் கியரை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். "போன வாரம்தாங்க புக் பண்ணோம், டக்குனு வந்துருச்சு" என்று அந்தப் பெண் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கையெழுத்துப் போட வேண்டிய தாள்களைத் தேடுவது போல மேசைப் பக்கம் போய்விட்டேன்.

பிறகு அட்டையில் செய்த பெரிய சாவியை அவர் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். அவசரத்தில் வலது கையில் கொடுத்துவிட்டார்கள். சாவி கீழே விழுந்தது. கை தட்டிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். அவர் சனியன் என்றுகூடச் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் புது வண்டி வந்தால் முதலில் பிள்ளையார் கோயில்தான். நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து அதை நசுக்கி ஏற்ற வேண்டும். ஓட்டவே தெரியாத ஆளாக இருந்தாலும் உட்கார வைத்து, பின்னாலிருந்து நாலு பேர் தள்ளிவிடுவார்கள். வண்டி யாருடையது என்று சாமிக்கும் ஊருக்கும் சொல்கிற இடம் அது. நான் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினேன். பூசாரி பழங்களை வைத்தார், சூடம் காட்டினார், போனட்டில் சந்தனம் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "டீச்சர், அய்யாவ இங்கிட்டு வரச் சொல்லுங்க. மொத ஏத்து அவுங்க ஏத்துறதுதான் மொறை. சும்மா சம்பிரதாயத்துக்கு ஒக்காந்தாப் போதும்" என்றார்.

வேறு நாளாக இருந்தால் பூசாரியை ஒரு வழி பண்ணியிருப்பேன். காசு போட்டு வாங்கி, டேப் பிடித்து அளந்து, புதுக்கோட்டையிலிருந்து ஓட்டி வந்தவள் நான், எலுமிச்சம்பழத்துக்கு மட்டும் ஆம்பளையா என்று கேட்டிருப்பேன். அன்றைக்கு அந்தச் சூடு எனக்கு வரவில்லை. பொய் சொல்லிப் பிடிபட்டவளுக்குக் கோபம் எங்கிருந்து வரும்? அவருக்கு எதையாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன். பூசாரி அதற்கு வழி காட்டிவிட்டதாகத் தோன்றியது.

"வாங்க, நீங்கதான் ஏத்துறீங்க" என்றேன்.

"வேணாம்" என்றார்.

"ஆட்டோமேட்டிக்தானங்க. பிரேக்குலேருந்து காலை எடுத்தா அதுவா நகரும். மறுபடி மிதிச்சா நின்னுரும். ஒங்க எடது காலு போதும். நான் பக்கத்துலயே இருக்கேன்."

"வேணாம்."

கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆசை இருக்கிறது, என் மேல் உள்ள வருத்தத்தில் மறுக்கிறார் என்று நினைத்தேன். கூடியிருந்தவர்களும், "சும்மா ஒக்காருங்கண்ணே, ரெண்டடிதான்" என்றார்கள். கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். பிறகு எப்போதும் செய்வது போலக் குனிந்து, அவருடைய வராத வலது காலைத் தூக்கி உள்ளே எடுத்து, நேராக, வசதியாக முன்னால் நீட்டி வைத்தேன். இரண்டு வருஷமாக, வாரத்துக்கு மூன்று நாள், போகும்போது ஒன்று வரும்போது ஒன்று என்று நான் செய்கிற காரியம் அது. இடது பக்கத்துச் சீட்டில் அந்தக் காலுக்கு முன்னால் வெறும் தரைதான் இருக்கும். இந்தப் பக்கத்தில் ஆக்ஸிலேட்டர் இருக்கிறது. அது என் புத்திக்கு எட்டவில்லை. என் கையாலேயே அந்தக் காலை எடுத்து ஆக்ஸிலேட்டரில் வைத்துவிட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இடது காலால் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். மிதித்தார். வண்டியை ஸ்டார்ட் செய்து, கம்பியை நகர்த்தினேன். "இப்ப மெதுவா விடுங்க" என்றேன். விட்டார். வண்டி இரண்டு விரற்கடை நகர்ந்தது. முன் சக்கரத்தில் ஒரு பழம் 'பட்' என்று நசுங்கியது. எல்லாரும் சத்தம் போட்டுக் கை தட்டினார்கள்.

அந்தச் சத்தத்தில் அவருக்குப் பதறிவிட்டது. வலது கால் உலக்கையாக விறைத்தது. வண்டி சீறிக்கொண்டு பாய்ந்தது. அவருடைய இடது கால் ஓங்கி மிதித்ததை நான் பார்த்தேன். இடது காலுக்கு முப்பது வருஷமாகத் தெரிந்த இடத்தில், கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் மிதித்தது. அங்கே வெறும் மிதியடிதான் இருந்தது. மறுபடியும் மிதித்தார். மறுபடியும் மிதியடி. நான் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுப்பதற்குள், கோயில் மதில் ஓரத்தில் பூக்காரம்மா உட்காரும் முக்காலியை நசுக்கிக்கொண்டு வண்டி மதிலில் மோதி நின்றது.

பூக்காரம்மா எலுமிச்சம்பழம் நசுங்குவதைப் பார்க்க எழுந்து வந்திருந்தார். அதனால் பிழைத்தார். வேறு காரணம் எதுவும் இல்லை. சிதறிக் கிடந்த மல்லிகைப் பூவையும் தூள் தூளாகிக் கிடந்த முக்காலியையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஸ்டியரிங்கில் இடித்து என் வீட்டுக்காரருடைய உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. பூக்காரம்மா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "முடியாத மனுசன இப்புடி ஒக்கார வைக்கலாமா தாயி? நீங்கள்ளாம் படிச்சவுக" என்றார்.

பூக்காரம்மா திட்டவில்லை, கூச்சல் போடவில்லை. கூச்சல் போட்டிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன். இரண்டு வருஷமாக நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் காப்பாற்றிய விஷயத்தை அத்தனை பேர் முன்னால் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேட்டியில் ரத்தம் சொட்டியது. இந்தத் தடவை கவிழ்க்க என்னிடம் தண்ணீர் பாட்டில் இல்லை.

அவரை இறக்கியபோது முன் சீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பின் கதவைக் காட்டினார். பின் சீட்டில் உட்கார வைத்தேன். மைத்துனர் வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தார். பட்ட காலிலே படும் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். ஒரு எலுமிச்சம்பழம் நசுங்காமல் உருண்டு போனதுதான் தோஷம் என்று பூசாரி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தோஷம் யாரிடம் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

பத்து நாளில் வண்டி சரியாகி வந்தது. அடி பட்ட இடமே தெரியவில்லை. அவர் மட்டும் அதற்குப் பிறகு முன் சீட்டுக்கு வரவில்லை. ரப்பர் பந்தைத் தொடுவதில்லை. ஒருநாள் கூட்டும்போது கட்டிலுக்கு அடியில் ஒட்டடையோடு கிடந்தது. எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தேன், அடுத்த நாள் பார்த்தால் மறுபடியும் கட்டிலுக்கு அடியில். பிசியோதெரபி பெண், "அய்யாவுக்கு மனசு விட்டுப் போச்சு டீச்சர், நீங்க பேசுங்க" என்றாள். மனசு விட்டுப் போகாமல் என்ன செய்யும், பேசித்தானே இவ்வளவும் ஆயிற்று?

போன மாதம் ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்து அவரைக் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பழைய வண்டி நின்ற அதே தைலமரக் காடு வந்தது. முகத்துக்கு நேராகச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை, அவர் பின்னால் இருந்ததால் வந்தது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஒங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேங்க. இனிமே நீங்க வண்டி ஓட்ட முடியாதுன்னு டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு. ஆஸ்பத்திரிய விட்டு வர்ற அன்னைக்கே. எனக்குத்தான் சொல்ல வாய் வரல."

"தெரியும்" என்றார்.

இரண்டு வருஷத்துக்கு மேலாகி, அவர் வாயிலிருந்து வந்த ஆறாவது வார்த்தை. நான் பிரேக்கை மிதித்து வண்டியை ஓரத்தில் நிறுத்தினேன். அந்த வராந்தாவை நினைத்துப் பார்த்தேன். வராந்தாவுக்கும் அவர் படுத்திருந்த கட்டிலுக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை மட்டும்தான் இருந்தது. காற்றில் அது ஆடிக்கொண்டிருந்ததுகூட ஞாபகத்துக்கு வந்தது. அப்படியானால் இவ்வளவு நாளும் அவருக்குத் தெரியும். ஷோரூமில் தெரியும். கோயில் வாசலில், "வேணாம்" என்று இரண்டு தடவை சொன்னபோதும் தெரியும்.

"அப்பறம் எதுக்குங்க கியர் வண்டிதான் வேணும்னீங்க?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அழுகை வந்தால் எனக்குக் குரல் கோபமாகத்தான் வரும்.

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி முயன்றார், வரவில்லை. பிறகு இடது கையால் தன் வலது கையைத் தூக்கினார். தூக்கி, பக்கத்தில் சீட்டின் மேல் சரிய விட்டார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு அதன் மணிக்கட்டைப் பிடித்து எடுத்து, மெதுவாக, தன் மடியில் வைத்தார். இன்னொரு தடவை சரிய விட்டார். இன்னொரு தடவை எடுத்து மடியில் வைத்தார். ஒவ்வொரு பயணத்திலும் நான் முப்பது தடவை செய்ததை எனக்கே செய்து காட்டிவிட்டு, கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார்.

பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்ததும் வண்டியை எடுத்தேன். புதுக்கோட்டை போய்ச் சேரும் வரை ஏழெட்டு வேகத்தடை வந்தது. ஒவ்வொன்றிலும் வண்டி தானாக கியரைக் குறைத்து, தானாகக் கூட்டிக்கொண்டு போனது. என் இடது கைக்கு ஒரு வேலையும் இல்லை.